சன்னமா

ஒத்தக்கடையில், யானைமலையின் வால் பக்கம்,
ஜெராக்ஸ் கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவே
என் மேசை.
செஷன்ஸ் கோர்ட்டுத் தமிழை
ஹைகோர்ட்டு இங்கிலீஷாக்கித் தருகிறேன்.
பக்கத்துக்கு அறுபது ரூபாய்,
அவசரமென்றால் எண்பது.

பதினோரு வருடமாக
ஒரு சொல்லைப் பெரிதும் நம்பியிருக்கிறேன்:
ஃபெயின்ட்லி.
டீ கொண்டுவரும் அபூபக்கர் காதில் விழுந்து
"எந்தச் சுவத்துக்கு சார் பெயின்ட்டு?" என்றான் ஒருநாள்.
எல்லாச் சுவருக்கும்தான்.

ஆரப்பாளையத்தில் பஸ் நம்பர் மங்கலாத் தெரிந்தது,
ஃபெயின்ட்லி.
செத்தவர் வாயில் லேசாப் பூச்சிமருந்து வாடை,
ஃபெயின்ட்லி.
மாமியார் பட்டும் படாமலும் சிரித்தார்,
ஃபெயின்ட்லி.
அந்த வீட்டுச் சங்கதி அரசல்புரசலாக் காதுக்கு வந்தது,
அதற்கும், கொஞ்சம் வளைத்து,
அதே டப்பா, அதே பிரஷ்.
அகராதியில் பக்கத்திலேயே மயக்கம் என்றும் போட்டிருக்கும்.
அதுவரை நான் படிப்பதில்லை.

அ.சா. 1, பஞ்சவர்ணம்.
மேலூருக்கு வடக்கே ஒரு கல்குழி.
"ராத்திரி ஒம்பதரை இருக்கும்.
குழிப் பக்கமிருந்து தம்பி கூப்பிட்டான்.
'யக்கா, மாயழகு வெட்டுறான்' னு
சன்னமாக் கேட்டுச்சு."

அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது.
ஐம்பத்திரண்டு பக்கம், நாளைக்கே வேண்டும் என்றார்கள்.
விரல் தானாக எஃப்பில் போய் உட்கார்ந்தது.

ஒன்றரை வருடம் கழித்து
ஜவுளிக்கடைப் பையில் தீர்ப்பு நகலோடு வந்தாள்.
என்னை யாரென்று தெரியாது.
"தமிழ்ல சொல்லுவீகளாமே" என்றாள்.
நெற்றியில் வேர்வை, காலில் பிள்ளையின் செருப்பு.

பத்தொன்பதாம் பத்தி.
என் சொல் அங்கே நாலு தடவை நிற்கிறது,
நீதிபதியின் வாக்கியங்களுக்கு நடுவே,
இஸ்திரி போட்டுக்கொண்டு.
அப்படிக் கேட்ட குரலை நம்பி
ஒருவனைச் சிறையில் வைக்க முடியாதாம்.
மாயழகு விடுதலை.

"மங்கலாக் கேட்டதுன்னு நீங்க சொன்னதால..." என்று ஆரம்பித்தேன்.
"கொரலு எப்படிங்க மங்கும்?
வெளிச்சம்ல மங்கும்."
"அரைகுறையா..."
"நான் அரைகுறையாச் சொல்லலையே.
முழுசாத்தான சொன்னேன்."
வேறு வழியில்லாமல்
"சன்னமா" என்றேன்.

முகம் தெளிந்தது.
"ஆமா. அதான் சொன்னேன். சன்னமா.
அம்புட்டுத் தொலவுல இருந்து வேற எப்படி வரும்?"
கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஊசி கூடச் சன்னந்தான்.
தைக்காமலா போகுது?"

புரோட்டாக் கல்லில் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கட்டின் அடியில் என் தாள்களும் இருந்தன.
'சரியான மொழிபெயர்ப்பு' என்று
கடைசிப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு.
மை காய்ந்த நாளில் குத்தியிருக்கிறேன்,
என் பெயரில் பாதி இருக்கிறது.
அவள் அதைக் கேட்கவில்லை,
நான் கட்டைக் கட்டிக் கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றதும்
முதல்முறையாக என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.
இருபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன்.
தின்லி என்றால் தண்ணீர் விட்ட பால்.
சாஃப்ட்லி என்றால் தம்பி அவளைக் கொஞ்சியதாகிவிடும்.
ஒரு சொல்லும் உட்காரவில்லை.
'தொலைவிலிருந்து, மெலிசாக, ஆனால் பிசகாமல்'
என்று நீட்டி எழுதியிருக்கலாம்.
நாலு சொல்.
எனக்குச் சொல்லுக்குக் கூலி கிடையாது,
பக்கத்துக்குத்தான்.
அந்தப் பக்கத்தின் அடியில்
மூன்று விரல் வெள்ளை இடம் மிச்சமிருந்தது.